பெயருக்கு ஒரு சாட்சி

பிள்ளைக்குப் பெயர் வைப்பது சுலபம். காதோரம் குனிந்து மூன்று தரம் சொன்னால் முடிந்தது. நாளைக்கு அந்தப் பிள்ளைதான் இது என்று அடையாளம் சொல்ல வீடு நிறைய ஆள் இருக்கிறது. பூஞ்சைக்கு அப்படி முடியாது. அதற்குக் காதும் கிடையாது, சொந்தபந்தமும் கிடையாது. நீ எதற்குப் பெயர் வைத்தாய் என்று எவனாவது கேட்டால், இதோ இதற்குத்தான் என்று எடுத்துக் காட்ட ஒன்று வேண்டும். அதைப் பெயருக்குச் சாட்சி என்று சொல்லலாம். அந்தச் சாட்சி வளர்ச்சி நின்றுபோனதாக இருக்க வேண்டும், வளர்ந்துகொண்டிருக்கும் எதையும் சாட்சியாக வைக்கக் கூடாது. இது பூஞ்சைக்காரர்கள் உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட சட்டம்.

இந்தச் சட்டம் குற்றாலலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை.

அவர் தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்காலம் முழுக்கத் தாவரவியல் நடத்தியவர். யார் யாரோ வைத்த பெயர்களைக் கரும்பலகையில் எழுதி எழுதியே தலை நரைத்தது. ஒரே ஒரு பெயராவது தானும் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை ஓய்வு பெற்ற பிறகு நமைச்சலாகவே மாறிவிட்டது. ஒரு நாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் எடுத்துக்கொண்டு மலையடிவாரத்தில் இருக்கும் பூஞ்சை ஆய்வுக் கூடத்துக்குப் போனார். அந்தக் கூடத்தை நடத்துகிறவள் ஆவுடையம்மாள். ஒரு காலத்தில் அவருடைய வகுப்பில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் படித்துவிட்டுப் போன பெண். இன்றைக்கு ஓடைத் தண்ணீர்ப் பூஞ்சை என்றால் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் தேடி வருவது அவளைத்தான்.

"சார், என்ன இது?" அவள் பதறி எழுந்தாள்.

"படிக்க வந்திருக்கேம்மா."

"நீங்களா? எங்கிட்டயா?"

"உனக்குத்தானே தெரியும்." உடனே திருத்திக்கொண்டார். "உங்களுக்குத்தானே தெரியும்."

அன்றிலிருந்து அவளை அம்மா என்றார், நீங்க போட்டார். கோபம் வந்தால் மட்டும் பழைய நீ எட்டிப் பார்க்கும். அவளோ அவரை சார் என்று கூப்பிடுவதை விடவில்லை. குரு சீடனை சார் என்று கூப்பிடும் இடம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சாரல் காலம் தொடங்கியிருந்தது. ஓடை பாறையில் விழுந்து நுரைக்கும் இடங்களில் அந்த நுரையை அவள் கரண்டியால் வழித்து டப்பாவில் போட்டாள். கூடத்துக்கு வந்து ஒரு சொட்டை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, பாருங்க சார் என்றாள். தண்ணீரில் அழுகும் இலைகளில் வாழ்கிற பூஞ்சைகளின் வித்துகள் அந்த நுரையில் சிக்கிக் கிடந்தன. ஒன்றுகூட உருண்டையாக இல்லை. நாலு திசைக்கும் கை நீட்டிக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாக மிதந்தன. ஓடுகிற தண்ணீரில் எதையாவது பிடித்து நிற்க வேண்டுமே, அதற்குத்தான் அத்தனை கை. குற்றாலலிங்கம் அன்று மதியச் சாப்பாட்டை மறந்தார். அருவியில் குளித்துவிட்டு எத்தனை தரம் இந்த நுரையைத் தலையிலிருந்து வழித்து எறிந்திருப்போம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

நெல்லிக்கசம் என்று ஓர் ஓடை. அதன் நுரையில்தான் அவருடைய அதிர்ஷ்டம் இருந்தது. நாலு கை உள்ள ஒரு வித்து, ஆனால் ஒரு கை மட்டும் முழங்கையில் மடக்கியது போல மடங்கியிருந்தது. ஆவுடையம்மாள் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அலமாரியிலிருந்து பெரிய பெரிய புத்தகங்களை இறக்கிப் புரட்டினாள்.

"இதை யாரும் இதுவரைக்கும் சொல்லல சார்," என்றாள்.

அந்த ஒற்றை வித்தை ஊசி முனையில் எடுத்து, கடல்பாசிக் கூழ் ஊற்றி உறையவைத்த கண்ணாடித் தட்டில் வைத்தார்கள். வித்து முளைத்தது. சாம்பல் நிறத்தில் வட்டமாகப் படர்ந்தது. அதில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டு, மீன்தொட்டிக்கு வைக்கும் பம்பால் காற்றைக் குமிழி விட்டதும், ஓடையில்தான் இருக்கிறோம் என்று நம்பி அது வித்து வைத்தது. எல்லா வித்துக்கும் அந்த மடங்கின கை இருந்தது. குற்றாலலிங்கம் நுண்ணோக்கியின்மேல் போனை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஓடையின் பெயரையே லத்தீன் போல நீட்டி, சாயங்காலத்துக்குள் பெயரும் தயார். மனைவி செண்பகத்திடம் சொன்னார். மதுரையில் இருக்கும் மகளிடம் சொன்னார். டீக்கடையில்கூடச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஆவுடையம்மாள் சொன்னாள்.

"சார், இதுல ஒரு பங்கைக் காய வச்சுருங்க."

"காய வச்சா செத்துப்போகும்லா?"

"ஆமா. அதைத்தான் சாட்சியா வைக்கணும்."

"உயிரோட இருக்கதைக் கொன்னுபோட்டு, பொணத்தைக் காட்டி இதான் அதுன்னு சொல்லணுமா?"

"சட்டம் அப்படி."

"சட்டம் கெடக்கட்டும்மா. தட்டுல உயிரோட இருக்கு. எப்பம் கேட்டாலும் ஒரு துண்டு வெட்டித் தண்ணில போட்டா, நான்தான்னு கை நீட்டிக் காட்டுது. இதைவிட நல்ல சாட்சி எது?"

"பெரிய எடத்துல கடுங்குளிர்ல உறங்க வைக்காங்க சார். வளராது, சாகவும் செய்யாது. அதைச் சட்டமும் ஒத்துக்கிடுது. நமக்கு இங்க கரண்டு நிக்கதே பெரிய பாடு."

"உறங்கவும் வேண்டாம், சாகவும் வேண்டாம். முழிச்சிக்கிட்டு இருக்க உயிரை ஏன் சாட்சியா வைக்கக் கூடாது? சட்டம் சொல்லுததை நானும் படிச்சிருக்கேன். நீங்க சொல்லுங்க."

ஆவுடையம்மாள் விளக்குச் சுடரில் காட்டிய கத்தியால் தட்டில் இருந்த சாம்பல் வட்டத்தை நடுவில் கீறி இரண்டாக்கினாள். ஆளுக்கு ஒரு பாதியைப் புதுத் தட்டில் வைத்தாள்.

"உங்க பூஞ்சை, உங்க இஷ்டம். இது உங்க பாதி, இது என் பாதி. அடுத்த சாரல் வரைக்கும் உயிரோடயே வளப்போம். பொறவு இதே கேள்வியைக் கேளுங்க."

அவருக்கு ஏக மகிழ்ச்சி. குருவை மடக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அந்த வருஷம் அவர் அதை வளர்த்த அழகைச் சொல்லி முடியாது. தட்டில் கூழ் தீர்ந்துபோகும் என்பதால், மாதத்துக்கு ஒருமுறை ஒரு துண்டை வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். பெண் பார்க்கப் போனவர் போல ஓரம் ஓரமாகத் தட்டைத் திருப்பிப் பார்ப்பார். எந்த ஓரம் அடர்த்தியாக, வேகமாக, பஞ்சு பஞ்சாகப் படர்ந்திருக்கிறதோ அதைத்தான் எடுப்பார். கோடையில் மகள் வீட்டுக்குப் போனபோதும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. ஈரத் துணி சுற்றி எவர்சில்வர் தூக்கில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டுபோனார்.

"பெத்த பிள்ளைய இப்படித் தூக்கிட்டுப் போயிருக்கீங்களா?" என்றாள் செண்பகம்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாம்பல் நிறமாக இருந்தது மெல்ல மெல்ல வெளுத்து, இலவம்பஞ்சு போல உப்பி, தட்டின் மூடியைத் தொட்டது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தன் கைராசி என்று நினைத்தார்.

மறுபடியும் சாரல் வந்தது. இரண்டு தட்டுகளும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. ஆவுடையம்மாளின் தட்டில் இருந்தது அதே சாம்பல் நிறம், கொஞ்சம் நோஞ்சான். குற்றாலலிங்கம் அதைப் பார்த்துவிட்டுப் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

இரண்டிலும் துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டு பம்பை ஓடவிட்டார்கள். வித்து வைக்க அவகாசம் கொடுத்துவிட்டு, தன் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து அவர் பார்த்தார். வெறும் நூல். இன்னொரு சொட்டு. நூல்தான். சொட்டுக்குமேல் சொட்டாக எடுத்துப் பார்த்தார். ஒரு வித்துகூட இல்லை.

"உங்களுதுல பாக்கேன்," என்று அவள் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்தார்.

அதில் வித்துகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் நாலு கை. நாலும் நேராக நீட்டியிருந்தன.

"கையைக் காணோம்," என்றார். "மடங்கின கையைக் காணோம்."

ஆவுடையம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"மாசா மாசம் எப்படி எடுத்தீங்க சார்?"

"நல்லதாப் பாத்துத்தான் எடுத்தேன். எந்த ஓரம் வாட்டசாட்டமா இருந்துதோ அதை."

"அப்படி வளர்றது வித்து வைக்க மெனக்கெடாது சார். வளர்றதுலயே அதுக்குப் பொழுது போயிரும்."

"நான் நல்லதைத்தான் எடுத்தேன்."

"ஆமா சார். ஒவ்வொரு மாசமும் நல்லதைத்தான் எடுத்திருக்கீங்க."

அவள் குரலில் குத்தல் கொஞ்சமும் இல்லை. குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார்.

"நீ எதை எடுத்தே?" பழைய நீ வந்துவிட்டது.

"கைக்கு வந்ததை. ஒன்னும் பொறுக்கல. அதும் அதும்பாட்டுக்கு மாறியிருக்கு."

"அப்பம் இந்த ரெண்டுல எதும்மா நான் கண்டது?"

"நீங்க கண்டதை எடுத்துக் காட்டுங்க சார். பக்கத்துல வச்சு ஒத்துப் பாத்துருவோம்."

அவர் மேசையைப் பார்த்தார். மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. இரண்டும் உயிரோடு இருந்தன. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அந்தப் பழைய படத்தைத் தேடினார். கலங்கலான படம். மடங்கியிருந்தது கையா, கையின் நிழலா என்று இப்போது அவருக்கே சந்தேகமாக இருந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். பெயர் மதுரை வரைக்கும் போய்விட்டது. பெயருக்கு உரியது மட்டும் எங்கேயும் இல்லை. வேறு யாராவது அதைக் கெடுத்திருந்தால் அவனைத் திட்டியாவது மனம் ஆறலாம். கண்ணுக்குக் கண்ணாக வளர்த்து, தானே அதை வேறாக்கிவிட்டோம் என்பதை அவரால் யாரிடமும் சொல்லி அழக்கூட முடியவில்லை.

எழுந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு குப்பைக் கூடைப் பக்கம் போனார்.

"சார், அதை இங்க குடுங்க."

"எதுக்கு? வித்துகூட வைக்காது இது."

"நல்லா வளருதே," என்றாள். வாங்கித் துணியால் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

அதன்பிறகு அவர் கூடத்துக்குப் போகவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். செண்பகம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"அது அந்த ஓடைல ஒன்னே ஒன்னுதான் இருந்துச்சா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். காப்பியைக் குடிக்காமலே செருப்பை மாட்டினார்.

அவர் கூடத்து வாசலில் வந்து நின்றதும் ஆவுடையம்மாள் எழுந்தாள். டப்பாவையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடைக்கு நடந்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் தலைக்கு மேல் வேலை. பம்பாயிலிருந்து வந்த மாதிரிகள் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு, வழுக்குப் பாறையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நுரை வழித்தாள். முழுக்க நனைந்துகொண்டே டப்பாவுக்குக் குடை பிடித்தாள். அப்பவே சொன்னேனே என்ற வார்த்தை அவள் வாயில் ஒரு நாளும் வரவில்லை. தான் இவளுக்குப் பாடம் நடத்தியவன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்ததை எண்ணி, குற்றாலலிங்கம் அந்த ஓடைக்கரையில் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார்.

நாள்தோறும் நுரை. நாள்தோறும் நுண்ணோக்கி. எத்தனையோ நட்சத்திரங்கள் வந்தன. பிறை போல வளைந்தவை வந்தன. அவருடையது வரவில்லை. சாரலும் ஓயத் தொடங்கியது.

ஒரு நாள் அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிச் சில்லை நகர்த்திக்கொண்டிருந்த கை நின்றது. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க பாருங்க சார்."

அவர் பார்த்தார். நாலு கை. ஒன்று மடங்கியிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்து நுண்ணோக்கியின் கண்ணாடியை மறைத்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அது அங்கேயே இருந்தது.

அவள் ஊசியை விளக்கில் காட்டி ஆறவைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க எடுங்கம்மா. நான் தொட்டா கெட்டுப்போகும்."

"கெடாது சார். நீங்களே எடுங்க."

எடுத்தார். முளைத்தது. சாம்பல் நிறத்தில் வட்டமாகப் படர்ந்தது. அதை வேறு தட்டுக்கு மாற்றுவதற்கு முன்பே துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டுப் பம்பை ஓடவிட்டார்கள். கூட்டம் கூட்டமாக வித்துகள் மிதந்து வந்தன. எல்லாம் ஒரு கையை மடக்கிக்கொண்டு வந்தன.

ஆவுடையம்மாள் மேசையில் வடிதாளை விரித்தாள். அதன்மேல் சூடு படும்படி விளக்கை இறக்கி எரியவிட்டாள். பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். வித்துத் தண்ணீர் நிறைந்த கிண்ணம் குற்றாலலிங்கத்தின் கையில் இருந்தது. தாளில் ஊற்றினால் தண்ணீர் வடிந்துவிடும், வித்துகள் தங்கிவிடும், சூட்டில் காய்ந்துவிடும். அவ்வளவுதான் வேலை. அவர் ஊற்றவில்லை.

"அம்மா, இன்னும் ஒரு மாசம் விட்டா இதைவிடத் தெளிவா வருமோ?"

"வரலாம். வராமலும் போகலாம்."

"ஓடைல போன வருஷம் இருந்தது கொஞ்சம் வேற மாதிரி இருந்திருக்கும்லா?"

"இருந்திருக்கும்."

"அடுத்த வருஷம்?"

"வேற மாதிரி இருக்கும்."

"அப்பம் இன்னைக்கு இருக்கதுதான் சாட்சின்னு யாரு சொல்ல?"

"நீங்கதான் சொல்லணும் சார். பேரு வைக்கது நீங்கதானே."

கிண்ணத்தை மெல்லச் சாய்த்தார். தண்ணீர் வடிந்தது. தாள் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து நடுவரைக்கும் காய்ந்தது. ஒரு துணுக்கை வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அசையாமல், ஒட்டியபடி, மடங்கின கை மடங்கினபடியே இருந்தது. அழுவோம் என்று பயந்திருந்தார். அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

தாளை மடித்து உறையில் போட்டார். உறையின்மேல் பெயரை எழுதினார், ஓடையின் பெயரை எழுதினார், அன்றைய தேதியை எழுதினார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை என்பதால் எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

மேசையில் தட்டு மிச்சமிருந்தது. அதில் வெட்டியது போக மீதிப் பூஞ்சை படர்ந்துகொண்டிருந்தது.

"இதை இனி எப்படிம்மா வளக்கணும்?" என்று கேட்டார். "பஞ்சு ஓரத்தை எடுக்கக் கூடாது, அது தெரிஞ்சுபோச்சு. எந்த ஓரத்தை எடுத்தா இது இப்படியே இருக்கும்?"

ஆவுடையம்மாள் உறையை இரண்டு கையாலும் வாங்கி அலமாரிக்குள் வைத்து மூடினாள்.

"பேரைச் சொமக்க அது இருக்கு. இது எதுக்கு சார் இப்படியே இருக்கணும்?"